தொட்டுக் கும்பிட்ட ராஜா

எனக்குப் பக்தி அதிகம் என்று சொல்ல முடியாது, பழக்கம் அதிகம். ஸ்கூட்டரைக் கிளப்பினாலும் சரி, ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்தாலும் சரி, முதலில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். (பாஸ்வேர்டு மறந்துபோவதை அது தடுத்ததில்லை.)

தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெற்றோர்-பிள்ளை ஜோடிச் சதுரங்கப் போட்டி. ஆளுக்கொரு பலகை, இருவரும் ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. என் மகள் நிலாவுக்கு ஒன்பது வயது, நன்றாக ஆடுவாள். எனக்குக் காய்கள் நகரும் விதம் தெரியும், அவ்வளவுதான். ஒரு மாதம் அவளே எனக்கு ஓப்பனிங் சொல்லிக் கொடுத்தாள்.

"முதல்ல ராஜா முன்னாடி இருக்கிற சிப்பாய், ரெண்டு கட்டம். அடுத்தது குதிரை. மறக்காதப்பா, இந்த ட்ராபி எனக்கு வேணும்."

போட்டிக்குப் போகும் வழியில், இரும்புலியூர் நெரிசலில் ஸ்கூட்டர் நின்றபோதெல்லாம் "சிப்பாய், குதிரை" என்று முணுமுணுத்தேன்.

முதல் சுற்றில் எனக்கு எதிரில் கண்ணாடி போட்ட ஒரு டீச்சர், நிலாவுக்கு எதிரில் அவர் மகன். கடிகாரம் ஓடத் தொடங்கியதும் பதற்றத்தில் சிப்பாயைத் தள்ளிவிட்டேன். அவரும் தள்ளினார். அப்போதுதான் உறைத்தது, கும்பிடாமலேயே ஆரம்பித்துவிட்டேன். சட்டென்று ராஜாவின் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். (இருப்பதிலேயே பெரியவர் அவர்தானே!)

"தொட்டுட்டீங்களே சார். இனிமே ராஜாவைத்தான் நகர்த்தணும்" என்றார் டீச்சர், வருத்தமாகவே.

"நகர்த்தத் தொடலைங்க. சாமி கும்பிட்டேன்."

நடுவர் வந்தார். பலகையைப் பார்த்தார், என் நெற்றி விபூதியைப் பார்த்தார். "கும்பிட்டாலும் தொட்டது தொட்டதுதான் சார். ரூல்ஸ்."

சிப்பாய் காலி செய்த கட்டம் ஒன்றுதான் வழி. இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜா, காவல் எதுவுமின்றி வாசலுக்கு வந்து நின்றார். இது ஏதோ ரகசியத் திட்டம் என்று டீச்சர் பத்து நிமிடம் யோசித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், சந்தேகம் தீர்ந்துவிட்டது. பதினைந்தாவது நகர்த்தலில் என் கதை முடிந்தது.

பக்கத்து மேஜையில் நிலா ஏற்கெனவே ஜெயித்திருந்தாள். எழுந்து வந்து என் பலகையை எட்டிப் பார்த்தாள். பிறகு ட்ராபி வைத்திருந்த மேஜையைப் பார்த்தாள். எனக்கு நிஜமாகவே வலித்தது.

வீட்டு வாசலில் ஸ்கூட்டரை விட்டு இறங்கியதும் கேட்டாள். "அப்பா, கும்பிட்டது ஓகே. அந்தக் குதிரையைத் தொட்டுக் கும்பிட்டிருந்தா, கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, நான் சொன்ன மூவும் ஆச்சு. இல்ல?"

இப்போதெல்லாம் நான் பூஜை அலமாரி முன் நின்றால் போதும், மனைவி சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "தொடாம கும்பிடுங்க!"

அடுத்த வருடம் நிலா அம்மாவோடு பெயர் கொடுத்தாள். "உங்கம்மாவுக்கு யானை எது, மந்திரி எதுன்னே தெரியாதே" என்றேன்.

"பரவாயில்லப்பா. அம்மா வீட்லயே கும்பிட்டு முடிச்சிட்டு வருவாங்க."