செவுளின் சிவப்பு

கருவியின் திரையில் “பழையது” என்று வந்ததும் ரெனிஷா சட்டென்று எதிரே பார்த்தாள்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் ஆராய்ச்சியை மதிப்பிட வந்த நிபுணர் சிவதாணு. அவர் தலையசைத்தால்தான் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்தக் கல்லூரியில் அவளுடைய ஆராய்ச்சி தொடரும். இல்லாவிட்டால் இன்றோடு மூட்டைகட்ட வேண்டியதுதான். சோதனைக்கு வைத்திருந்ததோ, கேன்டீன் செல்லபாய் அக்கா காலையில் மண்டைக்காட்டுக் கடற்கரைக்குப் போய் வாங்கிவந்ததாகச் சொல்லிக் கொடுத்த நெய்மீன்.

ரெனிஷா செய்திருந்த காரியம் லேசுப்பட்டதல்ல. பெரோவ்ஸ்கைட் என்கிற படிகப் பொருளை நகக்கண் அளவுச் சில்லு ஒன்றில் பொடிப்பொடிக் கட்டங்களாகப் படிய வைத்திருந்தாள். ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு நிற ஒளிக்கு மட்டும் கண் விழிக்கும். பக்கத்துப் பக்கத்தில் நெருக்கியடித்து இருந்தாலும் ஒன்றின் பொருள் இன்னொன்றில் கசியாது. தலைமுடியைவிடச் சன்னமான கோலம் அது. போட்டவள் கைக்கு வளையல் செய்து போடலாம். அந்தச் சில்லு மீனின் செவுளைப் பார்க்கும், சிவப்பிலேயே பல வகை பிரிக்கும், மீன் புதியதா பழையதா என்று சொல்லும். இத்தனை நாளும் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

“ஈரக்காத்து பட்டிருக்கும் சார். இதுக்கு ஈரம் ஆவாது” என்று வேறு சில்லை மாட்டினாள்.

“மிகவும் பழையது” என்றது திரை.

சிவதாணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“வெளிச்சம் காணல்ல சார்” என்று விளக்கைக் கூட்டினாள்.

“உண்ண வேண்டாம்” என்றது திரை.

சிவதாணு நாஞ்சில் நாட்டுக்காரர். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனையும் வீட்டுக்குள் விட்டதில்லை. கை மணக்குமே என்று பேனா முனையால் தூக்கிப் பார்த்தார். ஐஸில் கிடந்த மீன் கமுக்கமாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

“என்னம்மா இது? ரெத்தம் மாதிரில்லா செவந்து கெடக்கு. இப்பிடி ஒரு மீனு சந்தையில எனக்குக் கிடைச்சதே இல்ல.”

“இன்னொரு மட்டம் பாத்திருலாம் சார்.”

“வேண்டாம்மா. இனி பாத்தா அடக்கம் பண்ணச் சொல்லும்.”

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ரெனிஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளையைப்போல் வளர்த்த சில்லு இப்படி மானத்தை வாங்குமென்று அவள் நினைக்கவேயில்லை. அதைக் கழற்றிக் குப்பைத்தொட்டிப் பக்கம் கொண்டுபோனாள்.

வாசலில் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்ற செல்லபாய் அக்கா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

“களையாத மக்கா, அது ஒரு தப்பும் சொல்லல்ல. கடலு கோளா அலையடிச்சுக் கெடந்து வள்ளம் ஒண்ணும் மீன்பிடிக்கப் போவல்ல, நீ தோத்துரப்பிடாதேன்னு கேன்டீன் ஐஸ்பெட்டியில கெடந்த பழைய மீனுக்குச் செவுளுல நாந்தான் பீட்ரூட்ட அரைச்சுத் தேச்சு விட்டேன்.”