வலது கையில் ஒரு மாவுக்கட்டு

வேதியியலில் முதுகலை முடித்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. விளக்கம் சொல்லியே தீருவோம். அந்த வியாதியால்தான் முதல் வேலைக்கான இண்டர்வியூவிலேயே முதலாளியின் கையை முடக்கினேன்.

ராஜபாளையம் பக்கம் மாவுக்கட்டுத் துணி தயாரிக்கும் கம்பெனி. தரம் பார்க்கும் வேலை. கிடைக்காவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடைதான் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். (அந்த மெஷின் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் கனவுகூட வந்தது.)

"படிப்பெல்லாம் சரிம்மா. எங்கே, கட்டிக் காட்டு," என்று முதலாளி இடது கையை நீட்டினார்.

முதல் வேலையைப் பீச்சாங்கையிலா தொடங்குவது? "நல்ல காரியம் சார், வலது கை குடுங்க," என்றேன். பெரிய மனசு, கொடுத்தார்.

மாவு தடவிய துணியை நனைத்துச் சுற்றத் தொடங்கியதும் என் வாய் திறந்துகொண்டது. ஜிப்சம் கல்லைத் தொட்டால் விரல் நனையாது. ஆனால் அதன் படிகத்துக்குள் தண்ணீர் வரிசை கலையாமல் உட்கார்ந்திருக்கிறது. வறுத்தால் முக்கால்வாசித் தண்ணீர் போய்விடும், கல் மாவாகும். மறுபடி நனைத்தால், போன தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மாவு மீண்டும் கல்லாகும். எப்போது நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும் சங்கதி இது. அன்றும் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பில் அடியில் பஞ்சு வைக்க மறந்து, பன்னிரண்டு சுற்று சுற்றிவிட்டேன்.

"சுடுதேம்மா?"

"வெப்ப உமிழ்வினை சார்!"

"வினைதான்னு எனக்கும் தெரியுது."

பேக்கிங்கில் வேலை பார்த்த செல்வியக்கா ஓடிவந்தார். "ஏட்டி, எம்புட்டு சுத்திட்ட! வெட்டுற மெஷின் நம்மட்ட கிடையாதே!" கட்டைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது. "ஆனா சார், நம்ம மாவு என்னமா பிடிச்சிருக்கு பாருங்க!"

முதலாளியும் இடது கையால் தட்டிப் பார்த்தார். முகத்தில் வலியைவிடப் பெருமைதான் அதிகம். "எத்தன நிமிஷத்துல இறுகுச்சு?"

அழுகையை அடக்கிக்கொண்டு, "அஞ்சு சார். கடிகாரம் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்," என்றேன்.

"இந்தக் கலவரத்துலயுமா! அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரை எடுத்துட்டு வாங்கப்பா."

ஆர்டர் வந்தது. கையெழுத்துப் போடத்தான் கை இல்லை. "இடது கையால..." என்று நான் இழுத்தேன்.

"நல்ல காரியம்னு நீதான சொன்ன?" என்றவர், கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரலைக் காட்டினார். செல்வியக்கா மைப்பெட்டியைத் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டை வெட்டியபோது கை ரோமமும் கூடவே வந்ததாம். இன்று அந்தக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுக்கு நான்தான் தலைமை. ஆனாலும் கல்யாண வீடுகளில் யாராவது மகளின் படிப்பை விசாரித்தால் அம்மா இன்றைக்கும் ஒரே மூச்சில் சொல்கிறார்:

"எம்.எஸ்சி., கைநாட்டு."