அப்பா சாய்ந்த சுவர்

ஷெட்டை விடுவதற்குப் பதில் உயிரையே விடுவேன் என்று என் அப்பா நெவில் ஒரு ஜூன் மாதக் காலையில் சபதம் செய்தார். வாய் நிறைய டோஸ்ட். அதனால் ‘உயிர்’ சரியாகக் கேட்கவில்லை. ‘ஷெட்’ மட்டும் தெருவரைக்கும் கேட்டது.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஷெட்டில்தான் அவர் பியர் காய்ச்சுகிறார். ஒருமுறை குடித்தவர்கள் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் மறுபடி வந்ததில்லை. ஜூனில்தான் குளிர்காலம் வரும் எங்கள் தென்கோள ஊர் லான்செஸ்டனில் ஒரு மனுஷனின் பியருக்கு ஹீட்டர் வைத்த தனி அறை. என் அம்மா ரொவீனாவின் கலைக்கு? சாப்பாட்டு அறையில் ஒரு ஓரம். மேசையை வெளியே தள்ளிவிட்டு, நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். இது என்ன நியாயம் என்று நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் யாரிடமாவது கேட்டிருந்தால் கருத்தரங்கே நடத்தியிருப்பார்கள். வீட்டில் கேட்டேன். “உப்பை இங்க தள்ளு” என்றார் அப்பா.

அம்மா செய்வது கம்பளிச் சுவர். செம்மறிக் கம்பளியை ஆளுயரத்துக்குத் தட்டி இறுக்கி, உள்ளே செம்புக் கம்பியை நூல்போல ஓட்டியிருக்கிறாள். பின்னால் சின்னதாக ஒரு மின்பெட்டி. தடவினால் சுவர் முனகும். கட்டிப்பிடித்தால் பாடும். குளிர்கால ஒளி விழாவுக்கு இதை அனுப்பி அனுப்பிப் பார்த்தாள். “தொட்டால் சத்தம் போடுகிற கலை எங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது” என்று ஒவ்வொரு முறையும் அன்பாகத் திருப்பினார்கள்.

“இந்தத் தடவை அவங்களே வந்து பாக்கறாங்க” என்றாள் அம்மா. “எடுத்துக்கிட்டா ஷெட் எனக்கு.”

“எடுத்துக்கலைன்னா?”

“சுவரைப் பிரிச்சிடறேன். மேசை திரும்பி வரும். ஷெட் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

“பிப்பா, நீதான் சாட்சி” என்றார் அப்பா.

“நான் நடுநிலை கிடையாதுப்பா. நான் அம்மா பக்கம்.”

“சாட்சிதானே கேட்டேன்? சொற்பொழிவா கேட்டேன்?”

அம்மா அன்றைக்கு என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

“பிப்பா, சனிக்கிழமை கவனமா இரு. சுவிட்சைப் போட்டதும் சுவர் கண் முழிக்கும் பாரு, அந்த நேரம் யாரும் அதைத் தொடக் கூடாது. அப்போ எப்படி இருக்கோ, அதைத்தான் ‘ஆளே இல்லை’ன்னு மனசுல பதிச்சிக்கும். யாராவது சாய்ஞ்சுகிட்டு இருந்தா கதை முடிஞ்சது.”

செய்தித்தாளுக்குப் பின்னால் டோஸ்ட் கடிக்கும் சத்தம் நின்றது.

சனிக்கிழமை விழாக்காரர்கள் சார்பில் இமோஜன் என்ற பெண்மணி வந்தாள். கழுத்தில் பெரிய பெரிய மரமணிகள். முகத்தில் எதற்கும் அசையாத களை. அப்பா குளித்து, முடி வாரி, முன்னாலேயே தயாராக இருந்தார். எங்கே? சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. ஒட்டகம் போல ஒரு முதுகு.

“என்ன நெவில், அங்க நிக்கறே?” என்றாள் அம்மா.

“முதுகு வலி ரொவீனா. கம்பளி இதமா இருக்கு.”

“அம்மா, அவரை நகரச் சொல்லு!” நான் கத்தினேன்.

“வலிக்குதுன்னு சொல்றார் இல்ல, விடுடி” என்று சொல்லிவிட்டு அம்மா சுவிட்சைப் போட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தொண்டை கிழிய நான் வாதாடுவதெல்லாம் யாருக்காக?

இமோஜன் தடவினாள். சுவர் மூச்சு விடவில்லை. அழுத்தினாள். ம்ஹும். அவ்வளவு பெரிய முதுகுக்குப் பழகிவிட்ட சுவருக்கு அவளுடைய விரல் எம்மாத்திரம்?

“பாவம், தூங்குது போல” என்றார் அப்பா. முகத்தில் ஷெட்டின் ஹீட்டர் வெளிச்சம்.

“பரவாயில்ல” என்றாள் அம்மா. “நெவில், கெட்டில் கொதிச்சிருக்கும். டீ எடுத்துட்டு வாயேன்.”

வெற்றி பெற்றவருக்கு டீ போடுவதில் என்ன குறை? அப்பா நிமிர்ந்து ஓர் அடி வைத்தார்.

சுவர் ஓவென்று அழுதது.

அவர் பதறிப்போய்த் திரும்பச் சாய்ந்தார். அமைதி. நகர்ந்தார். ஒப்பாரி. சாய்ந்தார். அமைதி. இமோஜனின் மணிகள் குலுங்கின.

“இவர்… இல்லாததைத்தான் பாடுதா?”

“ஆமா” என்றாள் அம்மா. “தொடறதை எல்லாச் சுவரும் சொல்லும். இது விட்டுட்டுப் போறதைச் சொல்லும்.”

“ஏய்! அதெல்லாம் ஒண்ணும் இல்லை!” அப்பா அலறினார். “அதைக் கெடுக்கணும்னு நான்தான் வேணும்னே சாய்ஞ்சேன்!”

“வேணும்னேவா?” இமோஜன் கைக்குட்டையைத் தேடினாள். “இன்னும் அழகு!”

“அப்போ வேற யாராவது சாயட்டுமே!”

“அளவெல்லாம் உன் முதுகுக்குத்தான் வெச்சிருக்கேன் நெவில்” என்றாள் அம்மா மிருதுவாக. “குளிர்ல நீ அது மேலதானே சாய்ஞ்சு தூங்கறே?”

சமையலறையில் அம்மாவைப் பிடித்தேன்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“அன்னிக்கு அவ்வளவு சத்தமா யார்கிட்ட சொன்னேன்னு நினைச்சே?”

“என்கிட்ட.”

“உனக்குக் காது நல்லாத்தானேடி கேக்குது?”

பியர்ப் பீப்பாய்கள் இப்போது கார் நிறுத்துமிடத்தில் நடுங்குகின்றன. அப்பா விழா நடக்கும் ஆற்றங்கரைக் கிடங்கில் நடுங்குகிறார். விழா முடியும்வரை தினமும் மாலையில் போய்ச் சுவரைக் கண் விழிக்க வைப்பதும், கூட்டம் வந்ததும் நகர்ந்து நகர்ந்து அழவைப்பதும் அவர் பொறுப்பு. பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் படைப்பின் பெயர், கலைஞரின் பெயர், அதற்குக் கீழே வழக்கப்படி என்னென்ன பொருள்களால் ஆனது என்ற விவரம்:

‘செம்மறிக் கம்பளி, செம்புக் கம்பி, கணவன்.’