கொம்பனி அண்ணையின் கூட்டறிக்கை

செத்து நூறு வருடமான ஒரு கொம்பனியில், யாரும் வேலைக்கு எடுக்காமலே, சம்பளமில்லாமல், லீவில்லாமல் வேலை செய்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கொம்பனி அண்ணை.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஜெர்மனியில் ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், இடிப்பதற்கென்று காலியாக்கி வைத்திருந்த நாலு மாடி வீடொன்றில் எங்களைப் போட்டிருந்தார்கள். முப்பத்திரண்டு பேர். எல்லோரும் யாழ்ப்பாணத்து ஆண்கள், எல்லோரும் அகதி விண்ணப்பம் கொடுத்தவர்கள். வேலை செய்யச் சட்டம் விடாது. ஊரைத் தாண்டிப் போகவும் விடாது. தபால்காரன் வரும்வரை காத்திருப்போம். அவன் போனபிறகு நாளைய தபாலுக்குக் காத்திருப்போம். அதற்கிடையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்போம். அந்தச் சுவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர் கொம்பனி அண்ணை ஒருவர்தான்.

"ஒண்டரைக் கல்லுத் தடிப்புச் சுவரடா! உதைப் பார்க்கக் குடுத்து வைச்சிருக்க வேணும்."

ஊரில் அவர் அரசாங்கக் கட்டடப் பகுதியில் இருபது வருடம் படவரைஞர். நாங்கள் இருந்த வீட்டின் வாசலில் ஒரு கல் பதித்திருந்தார்கள். அதில் வீட்டைக் கட்டியவர்களின் இரண்டு பெயர்கள், அவற்றின் பின்னால் 'அன்ட் கொம்பனி'. நிலவறையில் உடைந்த அலுமாரிக்குப் பின்னால், கண்ணாடி போட்ட பழைய வரைபடங்கள் அவருக்கு அகப்பட்டன. அகராதியையும் எடுத்துக்கொண்டு இறங்கியவர் சாப்பாட்டுக்கு மட்டும் மேலே வந்தார். நாலாம் நாள் தலையில் தூசியோடு ஏறி வந்து அறிவித்தார்.

"இது முதலாளி கட்டின வீடில்லை. ரயில்வே ஆக்கள் சங்கமாச் சேர்ந்து கட்டுவிச்சது. எங்கட கூட்டுறவுச் சங்கக்கடை மாதிரி, இது சங்கவீடு. ஒரு வீடு பெரிசு, ஒரு வீடு சின்னன் எண்டில்லை. முதலாளி கட்டியிருந்தால் படி ஒடுங்கியிருக்கும். இதிலை பாருங்கோ, ரெண்டு பேர் எதிரெதிர போகலாம்!"

அன்றிலிருந்து அவர் கொம்பனியின் ஆள். காலையில் டை கட்டிக்கொண்டு மாடி மாடியாகப் பரிசோதனை. படிக்கட்டுக் கம்பியில் யாராவது சாரம் காயப்போட்டால், "இதுக்கே கொம்பனி கம்பி போட்டது?" என்பார். ஒருநாள் செத்தல் மிளகாய் வறுத்து வீடே இருமியது. இவர் கண்ணீர் ஒழுக ஒழுகப் புகைக்கூண்டுக்குக் கீழே நின்று, "போகுது பார்! முழுக்க மேலை போகுது! நாங்கள் வருவம் எண்டு அப்பவே தெரிஞ்சு வைச்சிருக்கிறாங்கள்!" என்று கும்பிட்டார்.

சங்கவீடு என்றால் சங்கம் வேண்டும். ஞாயிறு தோறும் கீழ்மண்டபத்தில் கூட்டம் வைத்தார். யாழ்ப்பாணத்தான் வேலை இல்லாவிட்டாலும் பதவி என்றால் எழும்பி வருவான். ஆளோடு ஆள் கதைக்காத மூன்று இயக்கத்து ஆதரவாளர்கள் மூன்று மூலையில் உட்கார்ந்துகொண்டு வாக்களித்தார்கள். சத்தமாகக் கதைக்கிற துரை தலைவரானான். கொம்பனி அண்ணை செயலாளர். யாரோடும் சண்டை பிடிக்காதவன் என்பதால் நான் பொருளாளர், பொருள்தான் இல்லை. தண்ணீர்க் குழாயில் பல் தீட்டுவது பற்றிய தீர்மானத்தைக்கூட ஒருவர் பிரேரித்து இன்னொருவர் ஆமோதித்த பிறகே அவர் கூட்டறிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார், அரசாங்க வழக்கப்படி ஆங்கிலத்தில். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவர் எழுதுவதை ஒரு படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பார்க்க முடிந்த நாட்களில்தான். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு ரெஸ்டோரண்டின் பின்பக்கத்தில் சட்டி கழுவிக்கொண்டிருப்பேன். களவு வேலை. பிடிபட்டால் என் விண்ணப்பம் அவ்வளவுதான். ஆனால் என் மனைவியையும் மூன்று வயது மகளையும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். காசு கட்டி அவர்களை இங்கே எடுப்பிக்க வேறு வழியில்லை.

ஒருநாள் கடிதம் வந்தது. வீட்டை இடிக்கப் போகிறார்கள், எங்களை வெவ்வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பப் போகிறார்கள். அன்று யாரும் சமைக்கவில்லை. கொம்பனி அண்ணை மட்டும் டையை இறுக்கினார்.

"கொம்பனியின்ரை கட்டடத்திலை கை வைக்க விடேலாது. நகரசபைக்குப் போவம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூண்டு பேரும்."

நகரசபையில் ஒரு பெண் அதிகாரி. கெட்டவளல்ல. கொம்பனி அண்ணை வரைபடங்களை மேசையில் பரப்பி ஆங்கிலத்தில் விளக்க விளக்க, அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஏதோ கேள்விகூடக் கேட்டாள். துரை என் தொடையில் தட்டினான்: "வேலை செய்யுதடா!"

அதோடு எழும்பி வந்திருக்கலாம். கொம்பனி அண்ணைக்கு உற்சாகம் தாங்கவில்லை. இந்த வீட்டில் சங்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நிரூபிக்கக் கூட்டறிக்கைப் புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் புரட்டினாள். புரட்டியவள் ஒரு பக்கத்தில் நின்றாள். பிறகு முன்பக்கங்களுக்குப் போனாள், பின்பக்கங்களுக்குப் போனாள். பிறகு என் பெயரை வாசித்தாள்.

கூட்டத்துக்கு வராதவர்கள் பெயரையும், வராத காரணத்தையும் அறிக்கையில் எழுதுவது முறை. அவர் முறை தவறாதவர். ஒவ்வொரு ஞாயிறுக்கும் எழுதியிருந்தார்: 'பொருளாளர் சமுகமளிக்கவில்லை. ஸ்டேஷன் அருகே உள்ள ரெஸ்டோரண்டில் சட்டி கழுவச் சென்றுள்ளார். காரணம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.'

ஆங்கிலம் விளங்காவிட்டாலும் துரையின் முகம் எனக்கு விளங்கியது. அவன் கூரையைப் பார்த்தான். எனக்கு மகளின் முகம் வந்தது.

கொம்பனி அண்ணை எழுந்து நின்று மெதுவாக ஏதோ சொன்னார். அவள் கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் வரைபடத்தைக் காட்டி மறுபடி கேட்டாள். அவர் வரைபடத்தின் கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு ஒரு வசனம் சொன்னார். அவள் ஒரு தாளை நீட்ட, தன் அழகான கையெழுத்தில் எழுதிக் கையொப்பம் வைத்தார்.

வெளியே வந்தபிறகுதான் துரை எனக்குச் சொன்னான். "உப்பிடி ஒருத்தரும் வேலை செய்யேல்லை, பக்கம் நிரப்பப் பொய் எழுதினனான் எண்டு சொன்னார். புத்தகம் முழுக்கப் பொய்யோ எண்டு கேட்டாள். ஓம் எண்டார். அப்ப இந்த வீட்டுக் கதையும் பொய்யோ எண்டாள். கட்டடம் மட்டும் மெய் எண்டு சொன்னார்."

சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினான். "அண்ணை, உங்களுக்கு மூளை எங்கை கிடக்கு? சட்டி கழுவுறதை ஏன் எழுதினனீங்கள்?"

"அறிக்கையிலை பொய் எழுதேலாது, துரை."

"இப்ப என்னத்தை எழுதிக் குடுத்தனீங்கள்?"

அவர் டையைத் தளர்த்தினார். "இப்ப எழுதிப்போட்டன்."

அந்தத் தாள் அவருடைய கோப்புக்குள் போனது. மூன்று மாதத்தில் அவருடைய விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. நிராகரிப்பு. பொய் எழுதும் பழக்கமுள்ளவர் என்று தானே ஒப்புக்கொண்டவரின் வாக்குமூலத்தை நம்ப முடியாதாம். ஊரில் பொலிஸ் அவருடைய மகனைப் பிடித்துக்கொண்டு போனதையும் அவர்கள் நம்பவில்லை. அது நடந்தது என்று எங்கள் முப்பத்தொரு பேருக்கும் தெரியும். எங்களை யாரும் கேட்கவில்லை.

அதே மாதம் வீடும் காலியானது. என்னைப் பக்கத்து ஊரில் விட்டார்கள். அவரைத் தெற்கே தூரத்து முகாமொன்றுக்கு அனுப்பினார்கள். ஸ்டேஷனுக்கு நான் மட்டும் போனேன். சொல்ல நிறைய இருந்தது. அவரோ ஸ்டேஷன் கூரையை அண்ணாந்து பார்த்து, "உது எங்கட கொம்பனி இல்லை. தண்ணி ஒழுகும்" என்றார்.

ரயில் வந்தது. ஏறி, ஜன்னலைத் திறந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அண்ணை, இப்ப புது இடத்திலை வேலை..." என்று தொடங்கினேன்.

பதறிப்போய் இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினார். "சொல்லாதை தம்பி! எங்கையெண்டு சொல்லாதை! தெரிஞ்சால் எழுதிப்போடுவன்!"

என் மனைவியும் மகளும் அடுத்த வருடம் வந்து சேர்ந்தார்கள். அவரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். பாரிஸில் கண்டோம் என்றார்கள் சிலர். நான் எத்தனையோ பேரிடம் விசாரித்தும் விட்டேன். அவர் எங்கே இருக்கிறார் என்று யாராவது சொன்னால் போதும். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று, வீதி, இலக்கம், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருகிறேன் என்பது வரை ஒன்றுவிடாமல் அவருக்குச் சொல்லுவேன்.