வத்தல் களத்தில் இறங்கிய விமானம்

ராஜபாளையம்,
9.4.1987

என்மேல் என்றும் பட்சம் மாறாத கிருபாபாய் அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் ஹெப்சிபா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே அப்பாவும் நானும் சுகம். இந்த வரியை எத்தனையோ கடிதங்களில் கை போன போக்கில் எழுதியிருக்கிறேன். இன்றைக்குத்தான் ஒவ்வொரு சொல்லாக நினைத்து எழுதுகிறேன்.

மதுரைக் கல்லூரியில் நூலக வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். உங்கள் வீட்டில்தான் தங்கப்போகிறேன். ஆனால் இனி எழுதுவதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் என்னை வாசற்படி தாண்ட விடமாட்டார்கள்.

இண்டர்வியூவுக்குப் பஸ்ஸில் தனியாகப் போகிறேன் என்றதும், அப்பா "ஓட்டுறவன் யாரு எவருன்னு தெரியாம எப்படிம்மா ஏறுவ?" என்றார்கள். இண்டர்வியூ அன்று அவர்கள் வேலை பார்க்கும் மில்லின் முதலாளி காளிராஜ் தம் சின்ன விமானத்தில் மதுரைக்குப் போவதாக இருந்தது. அவரைப் பதினெட்டு வருஷமாகத் தெரியும் என்று அப்பா நிம்மதியாக அனுப்பிவைத்தார்கள். அவர் அறுபது வயதில் விமானம் ஓட்டக் கற்றுப் பத்து மாதம்தான் ஆகிறது என்பதை அப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் சொப்பு மாதிரி கீழே தெரிந்தபோது, என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. முதலாளி தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன முதலாளி?"

"பயப்படாதன்னு சொன்னேன் தாயி."

"எனக்குப் பயமில்ல."

"ஒனக்கு இல்ல, எனக்குச் சொல்லிக்கிட்டேன்."

கீழே எங்கும் வேலிக்கருவேலும் பாறையும். வறண்ட கண்மாய்க்குள் மட்டும் நீளமாக ஒரு சிவப்புப் பட்டை, அதை நோக்கி அவர் இறக்க, நான் சங்கீதம் சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, புத்தக வகைப்பாட்டு எண்களில் போய் முடித்தேன், சக்கரம் தரையைத் தொட்டுக் குதித்து எதையோ நொறுக்கிக்கொண்டே ஓடி நின்றது, கதவைத் திறந்தால் தும்மல், அவர் ஒன்பது, நான் பதினொன்று. அந்தச் சிவப்பு, காயப்போட்டிருந்த மிளகாய் வத்தல்.

வத்தலுக்குச் சொந்தக்காரி முத்தாத்தாள் விளக்குமாறும் கையுமாக ஓடிவந்தார்.

"ஏலே, எவன்லே அது? வண்டிய வத்தல்லயா ஏத்துவ?"

"என்ஜின் நின்னுபோச்சு தாயி."

"நின்னுபோச்சுன்னா ஓரமா நிப்பாட்டுறது! மேல அம்புட்டு எடம் கெடக்கு, ஒனக்கு எங் களந்தான் கெடச்சுதா?" பிறகு என்னைப் பார்த்து, "ஏட்டி, நீ எதுக்கு அழுவுற?"

"அழல ஆச்சி. வத்தல் நெடி." உண்மையில் இரண்டும்தான்.

அங்கே மட்டும் தரை ஏன் சமமாக இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. வத்தல் காயப்போட முத்தாத்தாளும் அவரோடு வேலை செய்யும் பெண்களும் பத்து நாள் குனிந்து கல்லும் முள்ளும் பொறுக்கியிருக்கிறார்கள். நாங்கள் உயிரோடிருப்பது அந்தக் கைகளால். இதை நான் சொன்னதும் முதலாளி நின்ற இடத்திலேயே முத்தாத்தாளைக் கும்பிட்டார்.

"கும்புடுறது பொறவு. மொதல்ல காலை எடும், நொறுங்குது."

என் இண்டர்வியூவைப் பற்றிக் கேட்டதும் முத்தாத்தாளே நான் முகம் கழுவத் தண்ணீர் ஊற்றி, ரோடுவரை நடந்து வந்து, மதுரை பஸ்ஸை மறித்து, கண்டக்டரிடம், "நம்ம புள்ள. வானத்துல இருந்து விழுந்து வருது. உக்கார எடம் குடு" என்றார். கண்டக்டர் எழுந்து தம் இடத்தைக் கொடுத்தார். இண்டர்வியூ அறையில் சேலையைச் சரிசெய்து உட்கார்ந்தேன்; எதிரே இருந்த மூவரும் தும்மினார்கள். கேள்விகள் சீக்கிரமே முடிந்தன.

வெளியே சொல்ல முதலாளிக்கும் வெட்கம், விமானம் ரிப்பேரில் இருக்கிறது என்கிறார். நீங்களும் மறைத்துவிடுங்கள். இரவு ஜெபத்தில் முத்தாத்தாள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கு என் ஸ்தோத்திரம்.

உங்கள் அன்பு மருமகள்,
ஹெப்சிபா

பி.கு.: மறைக்க வேண்டியதில்லை. உறையை ஒட்டுவதற்குள், "விழுந்த புள்ள சுகமா?" என்று மில்லில் விசாரித்துக்கொண்டு முத்தாத்தாள் வீட்டுக்கே வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்ட அப்பா வெகுநேரம் என் தலையில் கைவைத்தபடி இருந்தார்கள். பிறகு, "அப்போ, பஸ்ஸுல தனியாவா போன?" என்றார்கள். திங்கட்கிழமைப் பயணம் அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். முத்தாத்தாள்தான், "வானத்துல இருந்து எறங்குன புள்ளைக்கு மதுரையில எறங்கத் தெரியாதாக்கும்?" என்றார். அப்பா பரணில் இருந்து என் பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.