இல்லாத குழுவின் முதல் கூட்டம்

எல்லாத் துறைகளுக்கும் மெயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் மரியெல்லுக்கு மூன்றாம் பக்கம் ஞாபகம் வந்தது.

"செத்தேன்!"

பக்கத்து மேஜை ஒமரி திரும்பினான். இருவரும் கல்லூரி மாணவர்கள். கோடை விடுமுறைக்கு வாஷிங்டனில், மத்திய அரசின் அறிவியல் கொள்கை அலுவலகம் ஒன்றில் இன்டர்ன்களாக வந்தவர்கள்.

ஆற்றுச் சிப்பிகள் செத்துக்கொண்டிருப்பதைப் பற்றி மரியெல் ஓர் அறிக்கை எழுதியிருந்தாள். சிப்பிகளை எந்தத் துறை கவனிக்கிறது என்று எவ்வளவு தேடியும் தெரியவில்லை. காலி இடம் அசிங்கமாக இருந்ததால், 'மத்திய ஆற்றுச் சிப்பி ஒருங்கிணைப்புக் குழு' என்று சும்மா அடித்துவைத்தாள். அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். எடுக்கவில்லை.

"அப்படி ஒரு குழுவே கிடையாதுடா!"

"மூணாம் பக்கம் வரைக்கும் எவன் படிக்கப்போறான்? விடு."

மீன் துறை படித்துவிட்டது. 'இக்குழுவுக்கு எங்களை அழைக்காதது வருத்தமளிக்கிறது. எங்கள் பிரதிநிதியை நியமித்துவிட்டோம். கூட்டம் எப்போது?'

"கூட்டம் தள்ளிப்போயிடுச்சுன்னு போடு," என்றான் ஒமரி.

போட்டாள். நீர்த் துறை கொதித்தது. தள்ளிப்போனது என்றால், முன்பு நடந்த கூட்டங்களும் உண்டா? அவற்றுக்கு எங்களை ஏன் அழைக்கவில்லை?

"தலைவர் ராஜினாமா பண்ணிட்டார்னு சொல்லிடு. அதோட அடங்கிடும்."

சொன்னாள். மாலைக்குள் தலைவர் பதவிக்கு நான்கு பேர் போட்டியிட்டார்கள். ஐந்தாவது ஆள் துணைத் தலைவர் பதவி போதும் என்று அடக்கமாக எழுதியிருந்தார்.

மரியெல் மேற்படிப்புக்கு அலுவலக இயக்குநர் டாக்டர் வின்ஸ்லோவின் சிபாரிசை நம்பியிருந்தாள். மகள் அரசாங்கத்தையே நடத்துகிறாள் என்று அயோவாவில் அம்மா தேவாலயம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

"ஒரே ஒரு கூட்டம் போடுவோம்," என்றாள். "அதுலயே குழுவைக் கலைச்சிடுவோம்."

பத்துப் பேர் வருவார்கள் என்று டோனட் வாங்கினார்கள். அறை கொள்ளாமல் கூட்டம் வந்தது. நாற்காலி கிடைக்காதவர்கள் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தார்கள். மரியெல், குழுவைக் கலைக்கலாம் என்று முன்மொழிந்தாள்.

வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் எழுந்தார். "எடுத்தோம் கவிழ்த்தோம்னு கலைக்க முடியாதும்மா. கலைக்கலாமான்னு ஆராய ஒரு துணைக்குழு போடணும்."

பலத்த கைதட்டல்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே மீன் துறைப் பெண்மணி நீர்த் துறைக்காரரைப் பார்த்துக் கத்தினார்: "என்னது, நீங்களும் அதே ஆத்துலயா சிப்பி எண்ணுறீங்க?"

"ஆறு வருஷமா, மேற்குக் கரையில!"

"நாங்க கிழக்குக் கரையில! எதிர்ல தொப்பி போட்டுக்கிட்டு நின்னது நீங்கதானா? மீன் திருடுறவங்கன்னு நினைச்சு ரெண்டு தடவை போலீசைக் கூப்பிட்டோமே!"

"அது நீங்கதானா!"

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தபோது சிப்பிகள் எந்த இடத்திலிருந்து சாகத் தொடங்கின என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. டோனட் பெட்டியின் மூடியில் யாரோ ஆற்றை வரைந்தார்கள். குழு நிரந்தரமானது. ஒமரி துணைத் தலைவர் ஆகியிருந்தான்; எப்படி என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் டாக்டர் வின்ஸ்லோ கூப்பிட்டார். "மேலிடத்துலேருந்து பாராட்டு வந்திருக்கு. இந்தக் குழுவை எங்கேருந்து பிடிச்சே?"

மரியெல் உடைந்துபோனாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

டாக்டரின் முகம் காதுவரை சிவந்தது. கடைசியில், "வெளியே யார்கிட்டயும் மூச்சு விடாதே," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே மரியெல் நினைத்தாள்.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, அடையாள அட்டையைக் கழற்றி வரவேற்பு மேஜையில் வைத்தாள். அந்த அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே உட்கார்ந்திருக்கும் லொரேன் நிமிர்ந்து பார்த்தார். மரியெல் விக்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

லொரேன் அட்டையை அவள் கழுத்திலேயே திரும்ப மாட்டினார்.

"போய் வேலையைப் பாரு செல்லம். வின்ஸ்லோ இன்டர்னா இருந்தப்போ அடிச்ச எழுத்துப்பிழைதான் இந்த ஆபீஸே!"