சிவப்புக் கல்லும் ஒரு பெப்பர்மிண்டும்

காலை ஐந்தே முக்கால். மைதானத்துக்கு ஓட வந்தவர்கள் யாரும் ஓடவில்லை. வரிசையில் நின்றார்கள்.

வரிசையின் முனையில் ஒரு பெரிய குடை. குடைக்குக் கீழே ஒரு மடக்கு நாற்காலி. நாற்காலியில் வேகஞானி. வெள்ளைத் தாடி, வெள்ளை டிராக் சூட், வெள்ளை ஷூ. ஷூவின் அடிப்பாகமும் வெள்ளை. அதைப் பார்த்தாவது யாராவது ஏதாவது யோசித்திருக்கலாம்.

ஞானி ஓடி யாரும் பார்த்ததில்லை. மைதான வாசலிலிருந்து குடைவரை வருவதற்கே அவருக்குக் கார் வேண்டும். ஒருவர் துணிந்து கேட்டுவிட்டார்.

"ஐயா, நீங்க ஓடமாட்டீங்களா?"

"கடல் குளிக்குமா தம்பி?"

கேட்டவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தத்துவத்துக்குள் இறங்கியவர்தான். இன்னும் மேலே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். எந்த வேகத்தில் தொடங்குவது, எங்கே அடக்குவது, எங்கே அவிழ்த்துவிடுவது என்பதுதான் ஓடுகிறவனின் தலைவலி. தலைவலி உள்ள இடத்தில் தைலக்காரன் வருவான். ஞானி கல்லோடு வந்தார்.

மூன்று நிறக் கல். சிவப்புக்காரர் ஆரம்பத்திலேயே பறக்க வேண்டும். மஞ்சள்காரர் நடுவில். நீலக்காரர் கடைசியில். யார் எந்த நிறம் என்பது பிறக்கும்போதே உடம்பில் பதிந்துவிடுகிறதாம். அதை வாசிக்க உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியுமாம். அந்த ஒருவர் நல்லவேளையாக இதே ஊரில் இருந்தார்.

"அடுத்த ஆள் வரலாம்."

அடுத்த ஆள் லிஃப்ட்காரர். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலைநாள் முழுக்க மேலும் கீழும் போய்வருகிற மனிதருக்கு நேராகப் போக வேண்டும் என்று ஆசை வந்தது. இரண்டு மாரத்தான் ஓடினார். இரண்டும் பாலத்தோடு சரி. பாலத்தின் மேல் கால் மரத்து, கண் இருண்டு, ஆம்புலன்ஸில் ஏறினார். முதல் தடவை மைத்துனன் போட்டோ எடுத்தான். இரண்டாம் தடவை இன்னும் நல்ல வெளிச்சத்தில் எடுத்தான். குடும்ப வாட்ஸ்அப்பில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக்குக்கு அடுத்தபடியாக அந்தப் போட்டோ வரும்.

இந்த முறை முடிக்காவிட்டால் ஓட்டத்துக்கே முழுக்கு என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். சொன்னதிலிருந்து வாசலில் கிடக்கும் ஷூவைப் பார்க்காமலே தாண்டிப் போனார்.

"வலது கையை நீட்டு தம்பி. தோளுக்கு நேரா."

நீட்டினார். இடது உள்ளங்கையில் நீலக் கல்லை வைத்து மூடச் சொன்னார் ஞானி. பிறகு நீட்டிய கையை இரண்டு விரலால் அழுத்தினார். கை பொத்தென்று விழுந்தது. கூட்டம் "ச்சொ" கொட்டியது.

மஞ்சள். அதற்கும் விழுந்தது. கொஞ்சம் மரியாதையாக.

சிவப்பு. ஞானி பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நாற்காலி கிறீச்சிட்டது. கை அசையவில்லை.

"பாத்தீங்களா! அக்கினி உடம்பு! அடக்கி அடக்கி ஓடித்தான் தம்பி நீ பாலத்துல விழுந்திருக்க!"

லிஃப்ட்காரருக்கு ஒரு கணம் நெருடியது. இரண்டு முறையும் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் வால் பற்றிக்கொண்டதுபோலப் பறந்தவர் அவர். அடக்கி ஓடியதாக அவருக்கு நினைவில்லை. ஆனால் அக்கினி உடம்பு என்று இதுவரை யாரும் அவரைச் சொன்னதும் இல்லை. வீட்டில் தொப்பை என்றுதான் சொல்வார்கள். நெருடல் அடங்கிவிட்டது. கல்லை வாங்கிக்கொண்டார்.

அன்று சிவப்புக் கல்தான் அதிகம் போனது. என்றுமே அதுதான் அதிகம் போகும். 'நீ சிங்கம்' என்று சொன்னால் மனிதன் சட்டைப் பையைத் திறப்பான். 'நீ முதலில் மெதுவாகப் போ' என்று சொன்னால் திறப்பானா? லிஃப்ட்காரரின் மைத்துனனுக்கும் சிவப்பு. கார் ஷோரூமில் ஓட்டை வண்டியையும் முத்து என்று விற்கிறவன் அவன். கல்லைக் கயிற்றில் கோத்து அங்கேயே கழுத்தில் கட்டிக்கொண்டான்.

போன வருடம் சிவப்பு கட்டிக்கொண்டு வழியில் சுருண்டவர்கள் இல்லையா? இருந்தார்கள். அவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு கொட்டாவி விட்டிருப்பார்கள் என்று ஞானி விளக்கியிருந்தார். உண்மைதான். எல்லோரும் விட்டிருந்தார்கள்.

லிஃப்ட்காரரின் மனைவிக்குக் கண்ணாடிக் கடை. மூக்குக்கண்ணாடி. அவர் போனபோது ஒரு பிரேமுக்குத் திருகு போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கல்லை மேசைமேல் வைத்தார்.

"என்னங்க இது?"

"என் வேகம்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அக்கினி உடம்பை மட்டும் இரண்டு முறை சொன்னார். அவள் திருகை முழுசாக முறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அப்ப நான் இத்தனை மாசமா சைக்கிள்ல உங்க பக்கத்துல வந்தது?"

அந்தப் பயிற்சி எளிமையானது. முதல் பாதி முழுக்க, ஓடிக்கொண்டே அவர் அவளிடம் பேச வேண்டும். பேச்சு இழுத்தால் வேகம் அதிகம். குறைக்க வேண்டும். அவருக்குப் பிடித்த விஷயம் லிஃப்ட். அதனால் ஊரிலுள்ள ஒவ்வொரு லிஃப்ட்டின் வியாதியும் அவளுக்குத் தெரியும்.

"அது ஒண்ணும் தப்பில்ல. ஆனா ஞானி கை வெச்சுப் பாத்தாரு. சிவப்புக்குக் கை இரும்பு மாதிரி நின்னுச்சு. என் கையாலயே நான் பாத்தேன்."

"போன வாரம் ஒருத்தர் வந்தாரு. வெளிநாட்டுக் கண்ணாடிதான் வேணும், உள்ளூர் கண்ணாடியில எழுத்து மங்குதுன்னாரு. வெறும் கண்ணாடியை மாட்டிவிட்டு, இது கப்பல்ல வந்ததுன்னேன். பொடி எழுத்தெல்லாம் கடகடன்னு படிச்சாரு. அதுல பவரே கிடையாது."

"புளுகுறாரா?"

"இல்லங்க. அவருக்கு நெஜமாவே தெரிஞ்சுது. அதான் வம்பே."

"அவரு ஏமாந்தவரு. என் கேஸு வேற."

உலகத்தில் ஏமாந்தவர்கள் எல்லோருடைய கேஸும் வேறுதான். அவள் அலமாரியிலிருந்து காலிக் கண்ணாடிப் பெட்டிகள் மூன்றை எடுத்துப் பையில் போட்டாள். கறுப்பு. ஒரே அளவு.

சனிக்கிழமை. ஓடுகிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் அட்டையை ஒரு பெரிய கூடத்தில் கொடுத்தார்கள். நம்பர் கொடுக்கும் மேசையில் ஈ ஓட்டினார்கள். ஞானியின் மேசையில் கூட்டம் நெரிந்தது. லிஃப்ட்காரர் மனைவியின் பின்னால் போனார். அவள் பின்னால் இப்படிப் போகும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது ஒன்று நடந்திருக்கிறது.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்றாள்.

"கேளும்மா. சந்தேகம் ஞானத்தின் வாசல்."

"கல்லைப் பெட்டிக்குள்ள வெச்சா சக்தி வெளிய வருமா? எங்க வீட்டுக்காரர் தொலைச்சுருவாரு. அதான் பெட்டியில போட்டுக் குடுக்கலாம்னு."

ஞானி சிரித்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பெட்டி என்னம்மா பெட்டி! பூமிக்குள்ள புதைச்சாலும் வரும்! இரும்புச் சுவரைத் தாண்டி வரும்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அவள் மூன்று பெட்டிகளையும் மேசைமேல் வைத்தாள். ஒன்றில் கணவரின் சிவப்புக் கல். ஒன்றில் வேறொருவரிடம் கடன் வாங்கிய நீலக் கல். மூன்றாவதில் வெறும் துணி என்றாள். எதுவும் ஆடிச் சத்தம் வராதபடி கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றியிருந்தது. நம்பர் மேசையில் சும்மா இருந்த அம்மாளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இதை மேசைக்கு அடியில வெச்சு நல்லாக் கலைச்சு ஒண்ணை எடுங்க. எதுல எது இருக்குன்னு உங்களுக்கும் தெரியக் கூடாது. எனக்கும் தெரியக் கூடாது."

அந்த அம்மாள் காலையிலிருந்து இதற்காகவே காத்திருந்தவள்போலக் கலைத்தாள்.

"ஐயா கை வெச்சுச் சொல்லட்டும். சிவப்பா இல்லையான்னு மட்டும் போதும்."

ஞானி தாடியைத் தடவினார். பின்வாங்க வழியில்லை. இரும்புச் சுவரைத் தாண்டியாகிவிட்டது.

லிஃப்ட்காரர் இடது கையில் பெட்டியைப் பிடித்தார். வலது கையை நீட்டினார். ஞானி ஜெயிக்க வேண்டும் என்றுதான் அவர் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். அக்கினி உடம்பு போய்விட்டால் மிச்சம் தொப்பைதானே?

ஞானி அழுத்தினார். கை பொத்தென்று விழுந்தது.

"இது சிவப்பு இல்ல!"

திறந்தார்கள். சிவப்பு.

"ஒரு தடவை தவறும்ப்பா. ஐயாவும் மனுஷர்தானே?" என்றது ஒரு குரல். நேற்றுவரை அவர் மனுஷர் இல்லை.

மறுபடி கலைத்தார்கள். ஞானி பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கை தூண்போல நின்றது.

"இதோ! இதுதான் சிவப்பு! அக்கினி தகதகன்னு அடிக்குது! எனக்கே சுடுது!"

அந்த அம்மாள் திறந்தாள். துணியை விரித்தாள். உள்ளே ஒரு பெப்பர்மிண்ட்.

"வெறும் துணின்னா பெட்டி எடை காட்டிக்குடுத்துடும். அதான் ஒண்ணு போட்டு வெச்சேன்," என்றாள் மனைவி. "சுடுதுங்களா ஐயா? சப்பிப் பாத்தா ஜில்லுன்னு இருக்குமே."

கூடம் சிரித்தது. முதலில் பின்வரிசை. பிறகு முன்வரிசை. கடைசியில் கல் கட்டியவர்கள், கழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு.

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை அழுத்திய விரல் தடம் மணிக்கட்டில் இருந்தது. இரண்டாவது தடம் முழங்கைக்குப் பக்கத்தில்.

"ஐயா," என்றார் மெதுவாக. "கை விழணும்னா நுனியில அழுத்துறீங்க. நிக்கணும்னா தோள் பக்கமா வந்து அழுத்துறீங்க. நெம்புகோல் கணக்கு. நான் தினம் கடப்பாறையை வெச்சுச் செய்யற வேலை. என் கையிலயே செஞ்சிருக்கீங்க, எனக்குத் தெரியல பாருங்க!"

"சந்தேகக் கண்ணு பட்டா கல் தூங்கிடும்!" என்று கத்தினார் ஞானி.

"நாளைக்கு ரோட்டோரம் பூராவும் கண்ணுங்கதான் நிக்கப்போகுது. அப்பவும் தூங்கிடுமே?" என்றாள் மனைவி.

யாரோ பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. அன்றுதான் வேகஞானி ஓடியதை ஊர் பார்த்தது. கூடத்தின் கதவிலிருந்து கார்வரை. ஆரம்பத்திலேயே பறந்தார். சந்தேகமே இல்லை. சிவப்பு.

ஞாயிறு காலை துப்பாக்கி வெடித்தது. லிஃப்ட்காரர் பறக்கவில்லை. அதைவிடக் கஷ்டமான காரியம் உலகத்தில் இல்லை. எல்லோரும் அவரைக் கடந்தார்கள். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் கடந்தார். அன்னாசிப்பழ வேஷம் போட்ட ஒருவர் கடந்தார். மைத்துனன் காற்றாகக் கடந்தான். அவன் கழுத்தில் அதே சிவப்புக் கல்.

"டேய், அதான் நேத்தே குட்டு உடைஞ்சிருச்சேடா!"

"இருந்துட்டுப் போகட்டும் மாமா, என்ன குறைஞ்சு போச்சு? நீங்க என்ன, காய்கறி வாங்கவா போறீங்க?"

லிஃப்ட்காரர் வாயை மூடிக்கொண்டு வேகத்தைக் கூட்டப் பார்த்தார். பெப்பர்மிண்ட் ஞாபகம் வந்தது. அடக்கிக்கொண்டார். சைக்கிளுக்கு அனுமதி இல்லாததால் பக்கத்தில் ஓடியவரிடம் லிஃப்ட் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த ஆள் கேட்டுப் பார்த்தார். பிறகு தப்பிப்பதற்காக வேகமாக ஓடிவிட்டார். லிஃப்ட்காரர் இன்னொருவரைப் பிடித்தார். பேச்சு இழுக்கவில்லை. மூச்சு இழுக்கவில்லை. சாலை மட்டும் அதுபாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

பாலம் வந்தது. அந்த இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். வழக்கமாகப் படுத்துப் பார்க்கிற இடம். ஆனால் கால் இருந்தது. கண் தெளிவாக இருந்தது. ஆம்புலன்ஸும் இருந்தது. அதன் படியில், கையில் குளுக்கோஸோடு, மைத்துனன்.

லிஃப்ட்காரர் நின்றார். போனை எடுத்தார்.

"மாமா, வேணாம் மாமா!"

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு மாப்ளே. கல் தெரியல."

எடுத்தார். பிறகுதான் அவிழ்த்துவிட்டார். பாலத்தின் இறக்கத்தில் குழந்தை வண்டியைப் பிடித்தார். கடைசித் திருப்பத்தில் அன்னாசிப்பழத்தையும் பிடித்தார். முடிவுக் கோட்டைத் தன் சொந்தக் காலால் தாண்டினார். கோட்டுக்கு அந்தப் பக்கம் மனைவி நின்றாள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை.

"இப்பப் பரவால்ல," என்றாள் அவள். "இப்ப மூச்சு வாங்கலாம்."

சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் மைத்துனனை இறக்கிவிட்டுப் போனது. கூடவே இன்னும் இரண்டு சிவப்புக் கற்கள் இறங்கின. மூவரும் நிழலில் சரிந்து உட்கார்ந்தார்கள். மைத்துனன் கல்லைக் கழற்றித் தூர எறிந்தான். லிஃப்ட்காரருக்கு மனம் குளிர்ந்தது.

"கல்லுல ஒண்ணுமில்லக்கா. அந்த ஆளுதான் போலி," என்றான் அவன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "பக்கத்து ஊர்ல ஒருத்தர் இருக்காராம். ஷூ லேஸை மந்திரிச்சுக் கட்டிவிடுறாராம். பொய்யே கிடையாதாம். கூட்டம் அலை மோதுதாம்."

மற்ற இரண்டு பேரும் முட்டியைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நகர்ந்தார்கள்.

"எந்தத் தெருவுல?"

மனைவி மூவரையும் பார்த்தாள்.

"காலுக்கு மாசக்கணக்காப் பயிற்சி குடுத்தீங்க. தலைக்கு எப்படா குடுக்கப்போறீங்க?"